இரண்டு முறை கட்டிய வாள்

அந்தத் தெருவில் அவரைக் கட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்த யாராவது இதை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு, படியில் விழுந்து கை பிசகிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்கள். "இவர் எலும்புக்குக் கட்டுப் போடறவர் இல்லைங்க, பெட்டி கட்டறவர்" என்று அவர் மனைவி விளக்கி அனுப்பிவைப்பாள். பாதிப் பேர் நம்பமாட்டார்கள். பெட்டி கட்டுவது ஒரு தொழிலா, அதற்கென்று ஓர் ஆளா என்று அவர்கள் முகமே கேட்கும்.

தொழில்தான். கடைத்தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அம்மாள், என்றைக்கோ யார் யாரோ இடுப்பில் தொங்கவிட்டிருந்த வாள்களைத் தேடிப் பிடித்து வாங்கி, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு விற்கிறாள். வாங்கியவர் ஆசையாகப் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே வாள் வாளாக இருக்கவேண்டும். அதற்குத்தான் கட்டுக்காரர். பார்த்தால் இரும்பு, அதற்கென்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். பழைய வாளைப்போல ஒரு தொட்டாற்சிணுங்கி உலகத்தில் கிடையாது. வெறும் விரலால் தொட்டால் போதும், கப்பல் கரை சேருவதற்குள் அந்த இடத்தில் துரு பூத்துவிடும். குமிழி வைத்த பிளாஸ்டிக் தாளை நேராகச் சுற்றினால் உடம்பெல்லாம் வட்ட வட்டமாகத் தடம் விழும். உறைக்குள் போட்டே அனுப்பினால், உறையின் தோல் ஈரத்தைக் குடித்துவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இரும்புக்கு ஊட்டும். ஆணி அடித்து மூடினால் ஒவ்வோர் அடியும் நுனிவரைக்கும் போய் அதிரும், அதனால் திருகாணிதான்.

இதெல்லாம் போக, முனை இருக்கிறதே, அது சும்மா கிடக்காது. வண்டி குலுங்கக் குலுங்க வாளின் மொத்தக் கனமும் முன்னே பாயப் பார்க்கும். பாய்ந்தால் பலகையில் இடித்து முனை ஒடியும். ஆகவே பிடிக்கு முன்னால் இருக்கும் குறுக்குத் தகட்டில் துணி நாடாவைப் போட்டு இறுக்கி, அந்தக் கனத்தை அங்கேயே பிடித்து நிறுத்தவேண்டும். முனைக்குத் தனியாக ஒரு தக்கைக் குல்லா. வாள் படுக்க ஸ்பாஞ்சில் ஒரு பள்ளம், அதற்குப் பக்கத்தில் உறைக்கென்று தனியாக ஒரு பள்ளம். எல்லாம் முடிந்து மூடி போட்டதும் பெட்டியை ஒரு பக்கமாகத் தூக்கிக் காதை வைத்துக் கேட்பார் கட்டுக்காரர். உள்ளே ஒரு சத்தமும் இருக்கக்கூடாது. வருஷக் கணக்காக அப்படித்தான் நடந்தது.

கை எப்போது நடுங்க ஆரம்பித்தது என்று அவர் மனைவிக்குச் சரியாகத் தெரியாது. முதலில் காபி டம்ளர் தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. "காபி ஜாஸ்தியாப் போச்சு" என்றார். அப்புறம் சட்டைப் பொத்தான் துளையைத் தேடி அலைந்தது. "பொத்தானை இத்தனூண்டு வெச்சுத் தொலைச்சிருக்கான்" என்றார். டாக்டர் நரம்புக் கோளாறு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரையை முழுங்கிவிட்டு, டாக்டருக்கு வயசாகிவிட்டது என்றார். 'என் கை நடுங்குது' என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனுஷர், இந்த மூன்று வார்த்தைக்கு மட்டும் ஊமையாகிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வாள் முனை ஒடிந்து போய்ச் சேர்ந்தது. கடையம்மா நேரிலேயே வந்தாள். முன்னறையில், அவர் வேலை செய்யும் நீள மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இத்தனை வருஷத்துல இது முதல் தடவை. இதையே கடைசித் தடவையாவும் ஆக்கிடுங்க. இன்னொண்ணு இப்படிப் போச்சுன்னா நான் வேற ஆள் பாக்கவேண்டியிருக்கும். இதை மனசுல வெச்சுக்காதீங்க, ஞாபகத்துல வெச்சுக்கோங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள். கட்டுக்காரர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அதற்கு அடுத்த பெட்டி. மத்தியானம் அவர் மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் படுத்துவிட்டார். அவள் முன்னறையைப் பெருக்குவதற்காக, அவர் மூடிவைத்திருந்த பெட்டியைச் சுவரோரம் நகர்த்தினாள். உள்ளே 'டொக்' என்றது. திறந்து பார்த்தாள். நாடா தொளதொளவென்று கிடந்தது. முடிச்சு முடிச்சாகவே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்த வேலை அவளுக்குத் தெரியாதா? அவிழ்த்துத் திரும்பக் கட்டி, காதை வைத்துக் கேட்டு, திருகாணிகளை இறுக்கி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு காபி போட்டு அவரை எழுப்பினாள்.

அவரிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த மனுஷருக்கு இருந்த ஒரே கர்வம் அது. சோறு குழைந்திருந்தால் பேசாமல் சாப்பிடுவார். சொந்தக்காரர்கள் மட்டம் தட்டினால் சிரித்துக்கொள்வார். உன் கட்டு சரியில்லை என்று பெண்டாட்டி சொன்னால் அன்றைக்கே பாதி உயிர் போய்விடும். அதனால் சொல்லவில்லை. ஒரு தடவை என்று ஆரம்பித்தது, பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் என்றாகி, இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் எல்லா வாளும் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை கட்டப்பட்டது. காலையில் அவர் கட்டும்போது கத்தரிக்கோலையும் காகிதத்தையும் எடுத்துக்கொடுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள்போல நிற்பாள். மத்தியானம் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, மூச்சு ஒரே சீராக வரும்வரை காத்திருப்பாள். பிறகு சத்தம் வராமல் ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றுவாள். சத்தம் வராமல் செய்கிற வேலைக்கு இரட்டைப் பாடு. தோள்பட்டையில் ஒரு வலி வந்து குடக்கூலி இல்லாமல் குடியேறிவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கினாள். மகள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது "ம்" கொட்டிக்கொண்டே தூங்கினாள். "உங்களுக்கென்ன, படுத்தாக் கட்டை" என்று புருஷனிடம் சொல்லும்போது அதில் விளையாட்டைவிடப் பொறாமைதான் அதிகம். "அப்படியா தூங்கிட்டேன்?" என்று அவர் கண்ணைக் கசக்குவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நீள வாள் வந்த அன்று அவள் உடம்பு காலையிலிருந்தே அவள் பேச்சைக் கேட்கவில்லை. கடையம்மா தானே காரில் கொண்டுவந்தாள், போர்வையில் சுற்றி, கைக்குழந்தையை ஏந்துவதுபோல. லேசாக வளைந்த வாள். பிடியில் வெள்ளிக் கம்பி சுற்றியிருந்தது. மரத்தில் செய்து சிவப்புத் தோல் போர்த்திய உறை. "என் கடையில இதைவிடப் பெரிய சரக்கு இனிமே வரப்போறதில்லை. பாத்துக் கட்டுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, போகும்போது அவளையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் காலை முழுக்கக் கட்டினார். மத்தியானம் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, உள்ளே போய்ப் படுத்தார். அவள் வளையலைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். திருகாணியைக் கழற்றும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு நிமிஷம் என்று பெட்டியின்மேல் தலையைச் சாய்த்தாள். மரம் குளுகுளுவென்று இருந்தது.

வாசலில் ஹாரன் அடித்தபோதுதான் கண் விழித்தாள். பெட்டிகளைச் சரக்குக் கொட்டகைக்கு ஏற்றிப்போக அவள் தம்பி வேனோடு வந்து நின்றான். தலைமுடி பாதி நரைத்தும் அவனுக்கு ஹாரனைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திறந்து கட்ட நேரமில்லை. பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிக் காதை வைத்தாள். சத்தமில்லை. மறுமுனையைத் தூக்கினாள். அதிலும் இல்லை. கொஞ்சம் பலமாக ஆட்டியே பார்த்தாள். உள்ளே வாள் பேசாமல் இருந்தது.

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாத்திரை வேலை செய்கிறது! கை திரும்பிவிட்டது! இனிமேல் மத்தியானத்தில் மனுஷியைப்போலக் காலை நீட்டிப் படுக்கலாம். "எடுத்துக்கிட்டுப் போடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் சமைக்கும்போது வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டுக்கூடப் பாடினாள்.

அந்தச் சந்தோஷத்தைப் பொத்தி வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தால் அவள் வேறு யாராகவோ இருந்திருக்கவேண்டும். மறுநாள் காலையில் காபியைக் கையில் கொடுக்கும்போது, "நேத்துப் பெட்டி கல்லு மாதிரி இருந்துச்சுங்க. நான் ஒரு ஆணியைக்கூடத் தொடலை" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'எதை நீ தொடலை?' என்று கேட்கப்போகிறார், என்ன சொல்லிச் சமாளிப்பது என்று தவித்துக்கொண்டு நின்றாள்.

அவர் அதைக் கேட்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "தொடலையா?" என்றார். "நிஜமாவே நீ தொடலையா?"

"இல்லைங்க…"

"நாடாவைச் சும்மா சுத்தி விட்டிருக்கேன். முடிச்சே போடலை. முனைக்குத் தக்கை வெக்கலை. சந்துல எல்லாம் காகிதத்தைத் திணிச்சு மூடினேன். அதான் சத்தம் வந்திருக்காது. வண்டி நாலு பள்ளத்துல இறங்கினாக் காகிதம் நசுங்கிடும்." டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் வைத்தார். காபி தரையெல்லாம் ஓடியது. "எப்படியும் மத்தியானம் நீ திறந்து கட்டுவேன்னுதானே விட்டேன்."

அவள் அப்படியே நின்றாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

கோபப்படக்கூட நேரமில்லை. மத்தியானத்துக்குள் அந்தப் பெட்டி கண்டெய்னருக்குள் போய்விடும். அங்கிருந்து கப்பல். கப்பல் ஆடி ஆடிப் போய்ச் சேரும்போது வாளுக்கு முனை இருக்காது. கடையம்மா இன்னொரு தடவை வந்து ஸ்டூலில் உட்காரக்கூடமாட்டாள். கட்டுக்காரர் மனைவி தன் தம்பிக்குப் போன் போட்டாள். "குளிச்சுக்கிட்டு இருக்கேன்க்கா" என்றான். "சோப்போட வாடா" என்றாள்.

வேனில் முன்னால் ஒரே நீள இருக்கைதான். தம்பி ஓட்ட, கட்டுக்காரர் நடுவில் கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார, அவள் கதவோரம் உட்கார்ந்தாள். தெரு முனை திரும்பியதும் அவள் ஆரம்பித்தாள்.

"அப்ப மத்தியானம் நீங்க தூங்கலையா?"

"எங்கே தூங்கறது? நீ வளையலைக் கழட்டி ஜன்னல்ல வெப்பே. அந்தச் சத்தத்துல முழிப்பு வந்துடும்."

"சத்தம் வரக்கூடாதுன்னுதானே கழட்டினேன்!"

"கழட்டாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். "ரோட்டைப் பாத்து ஓட்டுடா" என்று அக்கா ஒரு அதட்டல் போட்டாள்.

"அசையாமப் படுத்திருக்கறது லேசுன்னு நினைக்காதே" என்றார் கட்டுக்காரர். "இருமல் வந்தாத் தலகாணியைக் கடிச்சுக்குவேன். ஒரு நாள் கெண்டைக்கால் பிடிச்சு இழுத்துக்கிச்சு. நீ கடைசி ஆணியை இறுக்கற வரைக்கும் அப்படியே கிடந்தேன். நேத்து மட்டும்தான் என்னையும் மீறித் தூங்கிட்டேன்."

"அப்ப ரெண்டு பேருமே ரெண்டு வருஷமா மத்தியானம் தூங்கலையா?" என்றான் தம்பி. "உங்க வீட்டுக்குத் திருட வர்றவன் பாவம் மாமா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தோள்பட்டை வலித்தது. எத்தனை மத்தியானம்! பூனைபோல நடந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆணி கீழே விழுந்தால் ஈரக்குலை நடுங்கி! அதையெல்லாம் இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு காதால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா" என்றாள், "காலையிலேயே நான் கட்டிட்டு மத்தியானம் நானும் படுத்திருப்பேனே. ஒரே ஒரு வார்த்தை."

அவர் கியர் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தார். "சொல்லியிருந்தா என் கண்ணு முன்னாடி நீ கட்டணும். நான் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். எனக்குத் தைரியம் வரலை" என்றார். பிறகு, "ஆரம்பத்துல என்னால முடிஞ்ச வரைக்கும் இறுக்கித்தான் கட்டினேன். அதை அவுக்க முடியாம நீ மல்லுக்கட்டறது கேக்கும். உனக்கு மூச்சு வாங்கும். எதுக்கு ரெண்டு பேரும் கஷ்டப்படணும்னு அப்புறம் லேசா விட ஆரம்பிச்சேன். உனக்கு அவுக்கச் சுலபமா இருக்கட்டும்னுதான்" என்றார்.

இந்த மனுஷர்மேல் கோபப்படுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. அழுவதற்கும் அலுப்பாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரக்குக் கொட்டகை தகரக் கூரை போட்டு, நாலு கல்யாணம் ஒன்றாக நடத்தலாம் போல விரிந்து கிடந்தது. உள்ளே தூக்குவண்டிகள் பின்பக்கமாகப் போகும்போதெல்லாம் கீச்சுக்கீச்சென்று கத்தின. அவர்கள் பெட்டி ஒரு அடுக்கின் மேல் இருந்தது. நல்ல காலம், இன்னும் ஏற்றவில்லை. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்த குமாஸ்தா, கணக்கில் சேர்த்த பெட்டியைத் திறக்கமுடியாது என்று ஒரே பேச்சாகச் சொன்னார்.

"வாளோட உறையை உள்ள வெக்க மறந்துட்டோம் சார்" என்றாள் அவள். வேனில் வரும்போதே யோசித்துவைத்திருந்த பொய்.

"அப்படின்னாக் கடையிலேர்ந்து அவங்களே வந்து சொல்லணும்மா. புதுசா ஒரு சாமானைச் சேக்க எனக்கு அதிகாரம் இல்லை."

அவள் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தபோது கட்டுக்காரர் முன்னால் வந்தார். "மறக்கலை சார். எல்லாம் உள்ளதான் இருக்கு. கட்டுதான் சரியில்லை. கட்டினது நான்" என்றார். பிறகு வலது கையைக் குமாஸ்தாவின் மேஜைமேல் நீட்டி வைத்தார். அது மேஜையிலும் நிற்கவில்லை. விரல்கள் மரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டன. "என் கை நடுங்குது."

சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். தம்பி பார்த்தான். அவள் பார்க்கவில்லை. அவளால் முடியவில்லை.

குமாஸ்தா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அந்தக் கையைப் பார்த்தார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். "நான் போய் டீ குடிச்சிட்டு வரேன். வர்றதுக்குள்ள மூடியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திறந்தார்கள். காகிதமெல்லாம் அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. வாள் முன்னால் ஓடி, அதன் முனை ஸ்பாஞ்சைக் கிழித்துக்கொண்டு பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு முனையைத் தடவிப் பார்த்தாள். ஒடியவில்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், "இங்க பாரு" என்றார் அவர். வாள் ஓடும்போது குறுக்குத் தகடு பக்கத்துப் பள்ளத்திலிருந்த உறையின் வாயை இடித்திருந்தது. சிவப்புத் தோலோடு ஒரு மரச்சில்லு, நகம் வெட்டிப்போட்டதுபோல, தனியாகக் கிடந்தது.

"பசை போட்டு ஒட்டிடலாங்க" என்றாள் அவள் மெதுவாக. "முன்னாடியே இப்படித்தான் இருந்ததுன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் சில்லை எடுத்து ஓரமாக வைத்தார். "முதல்ல கட்டு" என்றார்.

கிழிந்த ஸ்பாஞ்சுக்கு மாற்று இல்லை. அவள் பார்வை தம்பியின் வேன் பக்கம் போனது. "அக்கா, வேணாம்க்கா" என்று அவன் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே இருக்கை உறையைக் கிழித்து உள்ளிருந்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டை அறுத்தெடுத்தாள். சுமை தூக்குகிறவர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு பாட்டில் தக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். "முனைக்கு முதல்ல. இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு. போதும். இப்ப நாடா. தகட்டுக்குப் பின்னாடி கொடுத்து முன்னாடி வாங்கு. ம். இறுக்கு. இன்னும் இறுக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முடிச்சுப் போடும்போது ஒரு விரல் வைத்து அழுத்த ஆள் தேவைப்பட்டது. அவர் தன் விரலை வைத்தார். அது ஆடிக்கொண்டேதான் இருந்தது. அவள் அந்த விரலையும் நாடாவையும் சேர்த்து அமுக்கிப் பிடித்து முடிச்சை இழுத்தாள். இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒரு பெட்டியைச் சேர்ந்து கட்டியது அன்றைக்குத்தான்.

மூடி போடுமுன் அவர் போனை எடுத்துக் கடையம்மாவைக் கூப்பிட்டார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் விடுவித்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னார். கை, நாடா, உறை, சில்லு எல்லாம். ரெண்டு வருஷமாகக் கட்டுவது தன் பெண்டாட்டிதான் என்றும் சொன்னார். அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "சரிம்மா" என்றார். "நியாயம்தாம்மா." மறுபடி, "சரிம்மா."

"என்ன சொன்னாங்க?" என்றாள் அவள்.

"சில்லைத் தனியா மடிச்சு உள்ளயே வெக்கச் சொன்னாங்க. வாங்கறவர்கிட்ட அவங்களே சொல்லிக்குவாங்களாம்." அவர் சில்லை எடுத்து அவளிடம் கொடுத்தார். "இனிமே என் கையில வாள் கொடுக்க முடியாதுன்னுட்டாங்க." சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நிமிஷத்தில் அவர் கட்டுக்காரர் இல்லை என்று ஆகிவிட்டது. "உன்கிட்டக் கொடுக்கச் சொல்றாங்க" என்று போனை நீட்டினார்.

அவள் கையுறையோடே வாங்கிக்கொண்டாள்.

"அப்ப எனக்குக் குறையில்லாமப் போய்ச் சேர்ந்ததெல்லாம் நீங்க கட்டினதா?" என்றாள் கடையம்மா.

"ரெண்டு பேரும் கட்டினதுங்க" என்றாள் அவள். பொய் சொல்லவில்லை.

கடையம்மா பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. "அடுத்த வாரம் ஒரு ஜோடி வருது. நீங்க கட்டுவீங்களா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஒரு காலிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கைகளை ஒளிக்கவில்லை. முழங்கால்மேல் போட்டிருந்தார், அவை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல இருந்தது. இவருடைய பெயர் நிலைக்கவேண்டும் என்றுதான் இத்தனை நாள் தூக்கம் கெட்டுப் பாடுபட்டது. அந்தப் பெயரே போன பிறகு எதற்காகக் கட்டுவது என்று ஒரு கணம் தோன்றியது. கட்டாமல் என்ன செய்வது என்றும் தோன்றியது.

"கட்டறேம்மா" என்றாள். "ஆனா ஒரு தடவைதான் கட்டுவேன்."

காலிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவர் குனிந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

கடையம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இதென்ன பேச்சு?" என்றாள். "ஒரு பெட்டியை எத்தனை தடவைம்மா கட்டுவாங்க?"